ஒருவருக்கு ஏற்று, ஒருவருக்கு எடு: உடம்புக்குள் இரும்பு போகும் வழி

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) பின்வரிசையில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டது இது: "அண்ணே, என் மகள் ஃபார்ம் ஃபோர். பள்ளிக்கூடத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ரத்தம் கம்மி என்று வந்தது. கிளினிக்கில் கேட்டால், இரும்பு மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், இன்னும் ரெண்டு டெஸ்ட் பார்க்கணும் என்கிறார்கள். மாமியாருக்கு டயாலிசிஸ். மாத்திரையில் ஏறவில்லை என்று அவருக்கு இரும்பை ஊசியிலேயே ஏற்றுகிறார்கள். அடுத்த வீட்டுப் பையனுக்குத் தலசீமியா, அவனுக்கு இரும்பை வெளியே எடுக்க மருந்து. மூன்று பேருக்கும் ரத்தம் கம்மிதானே? ஒருத்திக்கு வேண்டாம், ஒருத்தருக்கு ஏற்று, ஒருத்தனுக்கு எடு. இது என்ன கணக்கு?"

நான் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், டாக்டர் இல்லை. யார் எந்த மருந்து சாப்பிட வேண்டும் என்று சொல்வது என் வேலை அல்ல. ஆனால் இந்தக் கணக்கை லேப் பக்கமிருந்து விளக்க முடியும். ரத்தம் கம்மி என்பது மூன்று பேருக்கும் பொது. இரும்பு எங்கே நிற்கிறது என்பதுதான் மூன்று பேருக்கும் வேறு வேறு. அதைப் புரிந்துகொள்ள, ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்கு இரும்பு எப்படிப் போகிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் அளவு. வளர்ந்த ஆளின் உடம்பில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்புதான் இருக்கிறது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களுக்குள், ஹீமோகுளோபினில் இருக்கிறது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். செத்துப்போவதை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு விநாடியும் 20 லட்சம் வரை புதுச் சிவப்பணுக்களைச் செய்துகொண்டே இருக்கிறது. இதற்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு தேவை. சாப்பாட்டிலிருந்து உள்ளே வருவதோ ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். மீதி எல்லாம் செத்த சிவப்பணுக்களிலிருந்து திரும்ப எடுப்பது. மண்ணீரலிலும் கல்லீரலிலும் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற பெரிய செல்கள் கிழட்டுச் சிவப்பணுவை முழுசாக விழுங்கி, உள்ளே இருக்கும் இரும்பைப் பிரித்து, மறுபடி ரத்தத்தில் விடுகின்றன. ஆக, நம் ரத்தத்துக்கு வேண்டிய இரும்பில் பெரும்பகுதி நம்மிடம் ஏற்கெனவே இருந்ததுதான். "இரும்புச்சத்து கம்மி, கீரை சாப்பிடு" என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை யோசிப்பதே இல்லை.

அடுத்தது இன்னும் முக்கியம். கூடுதல் இரும்பை வெளியே தள்ள உடம்புக்கு வழியே கிடையாது. உப்பு கூடினால் சிறுநீரகம் தள்ளிவிடும், சர்க்கரை ரொம்ப ஏறினால் அதுவும் சிறுநீரில் போகும். இரும்புக்கு அந்த ஏற்பாடு இல்லை. தோல் உதிர்வதில், குடலின் உள்பக்கச் செல்கள் உதிர்வதில் கொஞ்சம் போகும். ரத்தம் போனால் அதோடு போகும், பெண்களுக்கு மாதவிலக்கில் போகும். அவ்வளவுதான். மெக்கான்ஸ், விடோசன் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1937-லேயே இதைச் சொல்லிவிட்டார்கள்: உடம்பு இரும்பைக் கட்டுப்படுத்துவது உள்ளே விடும் இடத்தில்தான், வெளியே தள்ளும் இடத்தில் அல்ல என்று. அந்த இடத்தில் இருக்கும் பொருள் என்ன என்று கண்டுபிடிக்க அறுபது வருஷத்துக்கு மேல் ஆனது.

இரும்பை ஏன் இவ்வளவு கெடுபிடியோடு நடத்த வேண்டும்? இரண்டு காரணம். செல்லின் சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு. மின்னேற்றம் உள்ள எதுவும் கொழுப்பைத் தாண்டிப் போகாது. இரும்போ இரண்டு அல்லது மூன்று நேர் மின்னேற்றத்தோடுதான் உடம்பில் இருக்கும். எனவே ஒவ்வொரு சவ்விலும் அதற்கென்று ஒரு புரதம் வழி விட வேண்டும். இரண்டாவது, தனியாகத் திரியும் இரும்பு விஷம். செல்லுக்குள் இயல்பாகவே உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு அது சேர்ந்தால், கிட்டே இருக்கும் கொழுப்பு, புரதம், மரபணு எதையும் விடாமல் தாக்கும் ஒரு மூலக்கூறு உண்டாகிறது. இந்த வினையின் அடிப்படையை ஃபென்டன் என்பவர் 1894-இல் எழுதினார். அதனால் உடம்பில் இரும்பு எங்கே போனாலும் ஒரு புரதத்தின் பிடியில்தான் போகும்.

சரி, ஒரு கை முருங்கைக்கீரையைச் சாப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். கீரையில் உள்ள இரும்பு பெரும்பாலும் மூன்று மின்னேற்றம் உள்ள வகை. வயிற்று அமிலத்தில் கரையும். அமிலம் குறைந்தால் துரு மாதிரி படிந்துவிடும். அது முன்சிறுகுடலுக்கு வந்ததும், குடல் செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் ஒரு நொதி அதை இரண்டு மின்னேற்ற வகையாக மாற்றுகிறது. டிசைட்பி என்று அதற்குப் பெயர். இந்த மாற்றத்துக்கு வைட்டமின் சி கைகொடுக்கும். மாற்றியதை டிஎம்டி1 என்ற புரதம் செல்லுக்குள் கொண்டுபோகிறது. 1997-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. இந்த டிஎம்டி1 சும்மா இரும்பை ஏற்றாது, கூடவே ஒரு ஹைட்ரஜன் அயனியும் வேண்டும். அதாவது அந்த இடத்தில் புளிப்பு, அமிலத்தன்மை இருக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு வருஷக்கணக்கில் ஒமெப்ரசோல் சாப்பிடுகிறவர்களுக்கு இரும்பு மாத்திரை சரியாக ஏறாமல் போவதற்கு, அந்த மருந்து வயிற்று அமிலத்தைக் குறைப்பது ஒரு முக்கியக் காரணம்.

இறைச்சி, ஈரல், கெராங் என்ற சிப்பி இவற்றில் இருப்பது ஹீம் இரும்பு. ஹீமோகுளோபினுக்குள் இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் மூலக்கூறுதான் ஹீம். கெராங்கைத் திறந்தால் சிவப்பாக ஒழுகுமே, அது உண்மையான ஹீமோகுளோபின்தான். ஹீம் வேறு வழியாக முழுசாக உள்ளே போய், செல்லுக்குள் உடைக்கப்படுகிறது. அதனால் தேத்தண்ணியோ தவிடோ அதை அவ்வளவாகத் தடுக்காது. அதில் 15 முதல் 35 விழுக்காடு வரை உடம்பில் சேரும். கீரை இரும்பு பல சமயம் ஒற்றை இலக்க விழுக்காட்டைத் தாண்டாது.

இப்போது இரும்பு குடல் செல்லுக்குள் வந்துவிட்டது. ஆனால் இன்னும் உடம்புக்குள் வரவில்லை. இந்த இடத்தில் நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குடல் செல்லுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் சாப்பாடு, மறுபக்கம் ரத்தம். உள்ளே வந்த இரும்பு ஃபெரிட்டின் என்ற உருண்டைப் புரதத்துக்குள் போய் உட்காரலாம். 24 துண்டுகள் சேர்ந்த உருண்டை அது, ஒன்றுக்குள் சுமார் 4,500 இரும்பு அணுக்கள் வரை கொள்ளும். அங்கேயே உட்கார்ந்துவிட்டால், மூன்று முதல் ஐந்து நாளில் அந்தக் குடல் செல் உதிரும்போது இரும்பும் கழிவோடு போய்விடும். சாப்பிட்ட இரும்பு சாப்பிட்டதாகவே போகும். ரத்தப் பக்கம் போக வேண்டுமானால் ஃபெரோபோர்ட்டின் என்ற ஒரே ஒரு புரதத்தின் வழியாகத்தான் போக முடியும்.

2000-இல் மூன்று குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இந்த ஃபெரோபோர்ட்டினைக் கண்டுபிடித்தன. செல்லுக்குள் இரும்பு நுழையப் பல வழி உண்டு. செல்லை விட்டு வெளியே வர, இதுவரை தெரிந்த வழி இது ஒன்றுதான். குடல் செல்லில் இருப்பது இதுவே, பழைய சிவப்பணுவை விழுங்கும் மேக்ரோஃபேஜில் இருப்பது இதுவே, இரும்பைச் சேமித்து வைக்கும் கல்லீரல் செல்லிலும் இதுவே. கர்ப்பிணித் தாயிடமிருந்து பிள்ளைக்கு இரும்பு போகும் நச்சுக்கொடியிலும் இதுதான். வெளியே வந்த இரும்பை மறுபடி மூன்று மின்னேற்ற வகையாக மாற்றச் செம்பு சேர்ந்த இரண்டு நொதிகள் இருக்கின்றன. குடலில் ஹெஃபெஸ்டின், மற்ற இடங்களில் செருலோபிளாஸ்மின். மாற்றிய பிறகு ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு டிரான்ஸ்ஃபெரினுக்கு இரண்டு இரும்பு. நலமான உடம்பில் இந்த இடங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பியிருக்கும். மீதி காலியாக இருப்பது நல்லதற்குத்தான், எப்போதாவது இரும்பு திடீரென்று கூடினால் பிடித்துக்கொள்ள இடம் வேண்டுமல்லவா?

டிரான்ஸ்ஃபெரின் எலும்பு மஜ்ஜைக்குப் போனதும் நடப்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்த பகுதி. சிவப்பணுவாக மாறப்போகும் இளம் செல்லின் மேல் டிரான்ஸ்ஃபெரினைப் பிடிக்கும் ஏற்பிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. இரும்போடு வரும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியில் ஒட்டியதும், அந்த இடத்துச் சவ்வு உள்ளே குழிந்து, முடிச்சுப் போட்டதுபோல் அறுந்து, ஒரு சின்னப் பையாகச் செல்லுக்குள் போய்விடுகிறது. பைக்குள் அமிலம் ஏறுகிறது, பிஹெச் 7.4-லிருந்து 5.5 வரை இறங்குகிறது. அமிலத்தில் டிரான்ஸ்ஃபெரினின் பிடி தளர்ந்து இரும்பு கழன்றுவிடும். ஸ்டீப்3 என்ற நொதி அதை இரண்டு மின்னேற்ற வகையாக்க, குடலில் பார்த்த அதே டிஎம்டி1 அதைப் பையிலிருந்து செல்லுக்குள் தள்ளுகிறது. காலியான டிரான்ஸ்ஃபெரினோ அழிவதில்லை. ஏற்பியோடு சேர்ந்து மேற்பரப்புக்குத் திரும்பி, பழைய பிஹெச்சுக்கு வந்ததும் கழன்று, அடுத்த இரும்பைத் தேடி ரத்தத்தில் போய்விடும். எல்லாம் சில நிமிஷத்தில். ஒரு சிவப்பணு நிறைவதற்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட இரும்பு அணுக்கள் இப்படி வந்து சேர வேண்டும்.

அங்கிருந்து இன்னொரு சவ்வு பாக்கி. ஹீம் முடிந்து உருவாகும் இடம், செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள். அதன் உள்சவ்வைத் தாண்ட மைட்டோஃபெரின் என்ற புரதம் வேண்டும். உள்ளே போன இரும்பு ஹீமாக மாறாமல் தேங்கினால் அதுவே ஒரு நோய். சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்தே உடம்பைக் கெடுத்துக்கொண்ட சிலரின் மஜ்ஜையில் இதைப் பார்க்கலாம். பெர்ல்ஸ் சாயம் என்று ஒன்று உண்டு, 1867-லிருந்து இன்று வரை உபயோகத்தில் இருக்கிறது, இரும்பு இருக்கும் இடத்தை நீலமாகக் காட்டும். அந்தச் சாயம் போட்ட ஸ்லைடில் இளம் செல்லின் உட்கருவைச் சுற்றி நீலப் புள்ளிகள் வளையமாக நிற்கும். அத்தனையும் மைட்டோகாண்ட்ரியாவில் மாட்டிக்கொண்ட இரும்பு.

அந்த நீலச் சாயத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வெறும் இரும்புக் குறைவால் ரத்தம் கம்மியானவரின் மஜ்ஜையில் நீலமே இருக்காது, தேடித் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது. நாள்பட்ட நோயால் ரத்தம் கம்மியானவரின் மஜ்ஜையில் மேக்ரோஃபேஜ் முழுக்க நீலம் அப்பியிருக்கும், பக்கத்திலேயே இருக்கும் இளஞ்சிவப்பணுவில் ஒரு புள்ளிகூட இருக்காது. இரண்டு செல்லும் தொட்டுக்கொண்டு இருக்கும், நடுவில் இருப்பது இரண்டு சவ்வுகள் மட்டும். இரும்பு அதைத் தாண்டவில்லை. முதன்முதலில் இதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது ஏன் தாண்டவில்லை என்று கேட்டேன். அப்போது லேப்பில் யாருக்கும் பதில் தெரியாது, உலகத்திலேயே தெரியாது.

பதில் வந்தது 2000-க்குப் பிறகு. ஹெப்சிடின் என்று 25 அமினோ அமிலங்கள் மட்டுமே உள்ள ஒரு குட்டி ஹார்மோனைக் கல்லீரல் உண்டாக்குகிறது. முதலில் அதைக் கண்டுபிடித்தவர்கள் கிருமியைக் கொல்லும் பொருள் என்றுதான் நினைத்தார்கள். 2001-இல் பிரான்சில் வேறொரு மரபணுவை நீக்கி வளர்த்த எலிகளின் உடம்பில், யாரும் எதிர்பாராமல் இரும்பு குவிந்து கிடந்தது. பார்த்தால் பக்கத்து மரபணுவான ஹெப்சிடினும் அந்த எலிகளில் வேலை செய்யாமல் போயிருந்தது. 2004-இல் தெளிவாயிற்று: ஹெப்சிடின் நேராகப் போய் ஃபெரோபோர்ட்டினில் ஒட்டுகிறது.

பழைய தோட்டங்களில் லாரி வெளியே போக ஒரே ஒரு கேட் இருக்கும். ஜாகா என்ற காவல்காரர் அதைச் சாத்திவிட்டால் உள்ளே எவ்வளவு சரக்கு இருந்தாலும் டவுனுக்கு ஒரு மூட்டை வராது. ஃபெரோபோர்ட்டின் அந்தக் கேட், ஹெப்சிடின் அந்த ஜாகா. ஒரு வித்தியாசம், இந்த ஜாகா சாத்துவதோடு விடுவதில்லை, கேட்டையே செல்லுக்குள் இழுத்துப்போட்டு அழித்துவிடும். உடம்பில் இரும்பு போதும் என்றால் ஹெப்சிடின் கூடும், குடலிலும் மேக்ரோஃபேஜிலும் வழி அடைபடும். ரத்தம் போய்விட்டால், மஜ்ஜை அவசரமாக ரத்தம் செய்ய வேண்டியிருந்தால், ஹெப்சிடின் குறைந்து வழி திறக்கும். மஜ்ஜை கல்லீரலுக்கு அனுப்பும் அந்தச் செய்திப் பொருள் எரித்ரோஃபெரோன், 2014-இல் தெரிய வந்தது. இன்னொன்றும் உண்டு. உடம்பில் கிருமி, அழற்சி என்றாலும் ஹெப்சிடின் ஏறும். கிருமிக்கும் இரும்பு வேண்டும், அதற்குக் கிடைக்காமல் பதுக்கி வைப்பது உடம்பின் பழைய தந்திரம். நாலு நாள் காய்ச்சலுக்கு அது நல்ல தந்திரம். நாலு வருஷம் ஆறாத நோய்க்கு அதுவே தொல்லை.

இப்போது உங்கள் மாமியாரிடம் வருவோம். சிறுநீரகம் கெட்டவருக்கு மூன்று கஷ்டம் சேர்ந்து வருகிறது. ரத்தம் செய்யச் சொல்லும் எரித்ரோபொயட்டினைச் சிறுநீரகம்தான் உண்டாக்க வேண்டும், அது குறைந்துவிட்டது. ஹெப்சிடினை ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றுவதும் சிறுநீரகம்தான், அதுவும் நின்றுவிட்டது. போதாததற்கு நீரிழிவு, டயாலிசிஸ், அவ்வப்போது வரும் கிருமித் தொற்று என்று உடம்பில் அழற்சி ஓய்வதே இல்லை. ஹெப்சிடின் எப்போதும் உயரத்தில். மாத்திரையில் போகும் இரும்பு குடல் செல்லுக்குள் வந்து, வழி இல்லாமல், அங்கேயே உதிர்ந்துபோகிறது. வயிற்று எரிச்சலும் மலச்சிக்கலும்தான் மிச்சம். ஊசியில் ஏற்றினால் குடலைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். ஆனால் ஊசி இரும்பும் நேரே மஜ்ஜைக்குப் போவதில்லை. சர்க்கரை மூலக்கூறோடு பொதிந்து ஏற்றுவதை முதலில் மேக்ரோஃபேஜ்தான் விழுங்கும், பிறகு அதே ஃபெரோபோர்ட்டின் வழியாகத்தான் வெளியே விட வேண்டும். நிறைய ஏற்றுவதால் ஓரளவு கசிந்து வரும், அதோடு எரித்ரோபொயட்டின் ஊசியும் போடுவதால் ஹெப்சிடின் கொஞ்சம் இறங்கும். அவருடைய ரிப்போர்ட்டில், சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் உயரமாகவும் டிரான்ஸ்ஃபெரின் நிரம்பிய விழுக்காடு குறைவாகவும் இருந்தால் குழம்ப வேண்டாம். நான் சொன்ன நீலச் சாயக் காட்சியைத்தான் அந்த இரண்டு எண்களும் சொல்கின்றன.

அடுத்த வீட்டுப் பையன் கதை நேர் எதிர். தலசீமியாவில் குறை இரும்பில் இல்லை, ஹீமோகுளோபினின் புரதச் சங்கிலியைச் செய்வதில். இளஞ்சிவப்பணுக்கள் பாதியிலேயே மஜ்ஜையில் சாகின்றன. மஜ்ஜை விடாமல் மறுபடி மறுபடி முயல்கிறது, எரித்ரோஃபெரோன் கொட்டுகிறது, ஹெப்சிடின் படுத்துவிடுகிறது. உடம்பில் இரும்பு வேண்டிய மட்டும் இருக்க, குடல் "இன்னும் கொண்டு வா" என்று வழியைத் திறந்து வைத்திருக்கிறது. ரத்தமே ஏற்றாத தலசீமியாக்காரருக்கும் வயதாக ஆக இரும்பு சேர்வது இதனால்தான்.

அதற்கு மேல் ரத்தம் ஏற்றுவது. ஒரு பை ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதம் இரண்டு பை என்று வைத்தாலும் வருஷத்துக்கு 5 கிராம் அளவில் வந்துவிடும், வளர்ந்த ஆளின் மொத்த உடம்பில் இருப்பதைவிட அதிகம். வெளியே போக வழியோ இல்லை. டிரான்ஸ்ஃபெரின் எல்லாம் நிரம்பி வழிந்த பிறகு, யார் பிடியிலும் இல்லாத இரும்பு ரத்தத்தில் சுற்ற ஆரம்பிக்கும். கல்லீரலிலும் கணையத்திலும் ஸிப்14 என்ற புரதம் அதைக் கேள்வி கேட்காமல் உள்ளே விட்டுவிடுகிறது. இதயத்தில் கால்சியம் போவதற்கென்று இருக்கும் வழிகளிலும் அது நுழைவதாகச் சான்றுகள் உண்டு. கணையத்தில் சேர்ந்தால் நீரிழிவு, மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் சேர்ந்தால் வளர்ச்சி நின்று பருவமடைவது தள்ளிப்போகும், இதயத்தில் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஈப்போவுக்கு அழைத்துப்போய் இதயத்துக்கு டி2 ஸ்டார் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள் என்றால் இதைப் பார்க்கத்தான். அதில் வரும் டி2 ஸ்டார் எண் 20 மில்லிவிநாடிக்குக் கீழே வந்தால் இதயத்தில் இரும்பு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ரத்தத்தில் ஃபெரிட்டின் பரவாயில்லை என்று இருக்கும்போதே இதயத்தில் சேர்ந்திருக்கலாம், அதனால் அந்தப் பரிசோதனையைத் தட்டிக் கழிக்கக் கூடாது.

உடம்பிடம் இல்லாத வெளிவழியை மருந்துதான் உண்டாக்க வேண்டும். டெஸ்ஃபெரியாக்சமின் பழைய மருந்து. ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியா, சுற்றியிருக்கும் இரும்பைத் தனக்குப் பிடித்து இழுக்க உண்டாக்கும் பொருளிலிருந்து வந்தது. வயிற்றுத் தோலுக்கடியில் சின்ன ஊசியைச் செருகி, இடுப்பில் பம்பைக் கட்டிக்கொண்டு, ராத்திரி எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம், வாரத்தில் ஐந்து ராத்திரிக்குக் குறையாமல். காலையில் சிறுநீர் செம்மண் நிறத்தில் போகும், மருந்து பிடித்துக்கொண்டு வந்த இரும்பு அது. இப்போது வாய்வழி மருந்துகள் வந்துவிட்டன. டெஃபெராசிராக்ஸ் நாளுக்கு ஒருமுறை, டெஃபெரிப்ரோன் மூன்று வேளை. டெஃபெரிப்ரோன் சாப்பிடும் பிள்ளைக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் பனடோல் கொடுத்துப் பார்க்கலாம் என்று வீட்டில் வைத்திருக்கவே கூடாது. அந்த மருந்து சிலருக்கு வெள்ளையணுவை அடியோடு இறக்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பையனின் அம்மாவுக்கு இது தெரிந்திருக்கும், ஆனால் ஆத்தா, பெரியம்மா என்று வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளைக்காரர்களிடம், அதிலும் வட ஐரோப்பியரிடம், ஹெப்சிடின் பரம்பரையாகக் குறைந்து இரும்பு சேரும் ஹீமோகுரோமடோசிஸ் என்ற நோய் அதிகம். அதன் முக்கிய மரபணு 1996-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களுக்கு வைத்தியம் அவ்வப்போது ரத்தத்தை எடுத்துவிடுவது. நம் பக்கம் அது அரிது, அதனால் விட்டுவிடுகிறேன்.

உங்கள் மகள் விஷயத்தில் கிளினிக்கில் செய்தது சரி. நாட்டில் 2016-லிருந்து ஃபார்ம் ஃபோர் மாணவர்களுக்கு நடக்கும் பரிசோதனையே தலசீமியாவைத் தேடுவதற்குத்தான். சிவப்பணு சின்னதாகவும் வெளிறியும் இருப்பது இரும்புக் குறைவிலும் வரும், தலசீமியா மரபணுவைத் தாங்கி மட்டும் இருப்பவருக்கும் வரும். ஸ்லைடில் ஒரு பார்வை பார்த்துப் பிரித்துவிட முடியாது. அதனால் ஃபெரிட்டின் பார்ப்பார்கள், ஹீமோகுளோபினின் வகைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஏ2 என்ற வகை 3.5 விழுக்காட்டைத் தாண்டினால் பீட்டா தலசீமியா தாங்கியாக இருக்க வாய்ப்பு அதிகம். இரும்பும் சேர்ந்து குறைந்திருந்தால் அந்த ஏ2 எண் கொஞ்சம் இறங்கிக் காட்டி ஏமாற்றும், அப்போது இரும்பைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்ப்பார்கள். ஆல்ஃபா வகையென்றால் மரபணுப் பரிசோதனை வரை போக வேண்டியிருக்கும். தாங்கி என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, அது நோயல்ல. ஃபெரிட்டின் சரியாக இருந்தால் அவளுக்கு இரும்பு மாத்திரையால் பயனில்லை, அந்தச் சின்னச் சிவப்பணு சின்னதாகத்தான் இருக்கும். ஃபெரிட்டின் குறைந்திருந்தால் தாங்கியாக இருந்தாலும் மாத்திரை வேண்டும். பின்னாளில் கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இருவரும் ஒரே வகைத் தாங்கி என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு.

ரத்தம் கம்மி என்றாலே இரும்பு மருந்து என்ற பழக்கம் நம்மிடம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். வெறுங்காலோடு கித்தா காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், நடந்த காலத்தில் தோட்டத்து ஜனங்களுக்குக் கொக்கிப்புழு சகஜம். ஒரு புழு, வகையைப் பொறுத்து நாளொன்றுக்கு 0.03 முதல் 0.2 மில்லிலிட்டர் ரத்தம் குடிக்கும். சின்ன வகையிலேயே நூறு புழு இருந்தால் 3 மில்லிலிட்டர், அதில் ஒன்றரை மில்லிகிராம் இரும்பு. ஒரு நாளில் குடல் உள்ளே விடும் இரும்பு அதோடு சரியாகப் போய்விடும். அப்படிப்பட்ட உடம்பில் ஹெப்சிடின் அடிமட்டத்தில் இருக்கும், வழியெல்லாம் திறந்திருக்கும். டிரெசர் என்ற தோட்டத்து மருத்துவ உதவியாளர் பூச்சி மருந்து கொடுத்து, இரும்பு மருந்தும் கொடுத்தால் சில வாரத்தில் முகம் தெளிந்துவிடும். அந்தக் காலத்துக்கு அது சரியான வைத்தியம். இன்று அதே குடும்பங்களில் நீரிழிவு, சிறுநீரகம், உடல் பருமன். இவை பெரும்பாலும் ஹெப்சிடினை ஏற்றிவிடுகிறவை. நோய் மாறிவிட்டது, மருந்துக்கடையில் போய் "ரத்தம் ஊற மாத்திரை" கேட்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

மகளுக்கு மாத்திரை தேவை என்று முடிவானால் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வேளை மாத்திரை போட்டதுமே ஹெப்சிடின் ஏறி, ஏறக்குறைய ஒரு நாள் வரை உயரத்தில் இருக்கும், அடுத்த வேளை மாத்திரை அந்த அளவுக்கு ஏறாது. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரும்பு குறைந்த இளம்பெண்களுக்குத் தினமும் கொடுப்பதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிகம் ஏறியது. வயிற்றுத் தொல்லை இருந்தால் இப்படிச் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். அடுத்தது தேத்தண்ணி. நாசி லெமாவோ ரொட்டி சானாயோ, பசியாறும்போதே தே தாரிக் குடிப்பது நம் ஊர் வழக்கம். தேயிலையின் துவர்ப்பு குடலுக்குள்ளேயே இரும்பைப் பிடித்துக்கொள்ளும், டிஎம்டி1 பக்கம் அது போகவே போகாது. பாலில் உள்ள கால்சியமும் தடுக்கும், மைலோவும் அதே கணக்குதான். மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டு, மாத்திரையோடு ஒரு துண்டு கொய்யாவோ எலுமிச்சைத் தண்ணியோ எடுத்துக்கொண்டால் நல்லது. இதில் வேடிக்கை, ரத்தம் ஏற்றாத தலசீமியாக்காரருக்குச் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பது உதவி, குடல் உள்ளே விடும் இரும்பை அது குறைக்கும்.

ஃபெரிட்டினுக்கு ரத்தம் எடுக்கும் நாளில் மகளுக்குக் காய்ச்சல், இருமல் என்று ஏதாவது இருந்தால் தாதியிடம் சொல்லிவிடுங்கள், தங்கச்சி. அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும், இரும்பு தீர்ந்துபோன உடம்பும் சரியாக இருப்பதுபோல் காட்டும். ஓரிரு வாரம் கழித்து எடுப்பது நல்லது. அதோடு, இரும்பு மாத்திரை வீட்டுக்கு வந்தால் சின்னவன் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சிவப்பாக, மிட்டாய் மாதிரி இருக்கும். ஒரு கை அள்ளிப் போட்டால் குடல் சுவரே வெந்துபோய், எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் இரும்பு ரத்தத்தில் கலந்துவிடும். அப்படி ஆகிவிட்டால் வாந்தி நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.